நாலு மூலையிலும் மஞ்சள்

அமெரிக்க டிரைவிங் லைசென்ஸ் வந்த இரண்டாவது வாரம் வசந்தாமணி நடுரோட்டில் காரை நிறுத்தினார். பின்னால் வைக்கோல் கட்டு ஏற்றிய லாரி ஒன்று. அதற்கும் பின்னால் ஏழெட்டு வண்டிகள். அந்தப் பக்கத்து ஜனங்கள் ஹாரன் அடிக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். அன்று யோசிக்கவில்லை.

“அம்மா, எவ்ரிபடி இஸ் ஹாங்கிங் அட் அஸ்,” என்று பின்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டாள் ஒன்பது வயது ரோஷினி.

“அடிச்சா அடிக்கட்டும். அங்க பாரு சாமி.”

தீயணைப்பு நிலையத்தை ஒட்டிய மைதானத்தில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, பெரிய பெரிய போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்தது. ஒன்றில் சிவப்புத் தானியக் கொட்டகை, இன்னொன்றில் பறக்கும் வாத்துகள், மற்றொன்றில் உதிரும் மேப்பிள் இலைகள். அதே கொட்டகையும் மரங்களும் சாலைக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே நின்றன. காற்று அடித்தபோது ஊரே கயிற்றில் ஆடுவதுபோல இருந்தது. 1996 அக்டோபர், மில்ஸ் கார்னரின் அறுவடைத் திருவிழா.

லாரிக்காரர் இறங்கி வந்து, உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார். வசந்தாமணி அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “ஹூ ஸ்டிச்ட்?”

பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் ஓட்டினால் மில்ஸ் கார்னர் வரும். ஒரு சிக்னல், ஒரு சர்ச், ஒரு தீயணைப்பு நிலையம். மிச்சமெல்லாம் சோளமும் பூசணியும். பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் நான்கு வருஷம் இருந்த குடும்பம் இங்கே வந்ததற்குக் காரணம் ஒரு வாடை. மருந்துக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்த வெள்ளியங்கிரிக்கு, மாட்டுப் பண்ணையை ஒட்டிய இந்த வீடு யாரும் சீந்தாததால் சகாயமாகக் கிடைத்தது. “சாண வாடைக்குப் போயி வெலையக் கொறைக்கற ஊரு இது,” என்று மனைவியிடம் அதிசயமாகச் சொன்னார். பார்க்க வந்த பிளெய்ன்ஸ்பரோ நண்பர்கள் கார்க் கண்ணாடியை இறக்காமலே வீடு நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வசந்தாமணி திருப்பூர்க்காரர். அப்பாவின் பனியன் கம்பெனியில் கல்யாணம் வரைக்கும் செக்கிங் பார்த்தவர். தைத்து வரும் பனியனை விரித்து, திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று கண்ணால் ஓட்டி, பழுதை அந்தப் பக்கம் எறிய வேண்டும். மேஜைக்கு வந்த கறை பீஸ் எதுவும் அவர் கையைத் தாண்டிப் போனதில்லை. அமெரிக்காவில் கணவரின் விசாவில் வந்தவருக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. வேலை இல்லாத கண் சும்மா இருக்குமா? பிளெய்ன்ஸ்பரோ பிறந்தநாள் விழாக்களில் அடுத்தவர் சுடிதாரில் பிரிந்த தையலை அது கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அதனால் சிநேகிதம் வளரவில்லை.

தைத்தது யார் என்பதற்கு விடை செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் வாராவாரம் ஒன்பது பெண்கள் கூடி, க்வில்ட் என்கிற இந்தத் துண்டுத்துணிப் போர்வைகளைத் தைத்தார்கள். தலைவி டோரத்தி. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். திரும்பிப் பார்க்காமலே பின்வரிசையில் யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்.

“தைக்கத் தெரியுமா, ஹனி?” என்றார் டோரத்தி.

“தப்பாத் தெச்சா கண்டுபிடிக்கத் தெரியும்,” என்றார் வசந்தாமணி, தன் ஆங்கிலத்தில்.

அறை சிரித்தது. டோரத்தி சிரிக்கவில்லை, மூலையைக் காட்டினார். அங்கே இஸ்திரி மேஜை. கடைசியாகச் சேர்ந்தவர் துணித் துண்டுகளுக்கு இஸ்திரி போட வேண்டும். அடுத்த ஆள் சேரும்வரை ஊசியைத் தொடக்கூடாது. எல்லோரும் அந்த மூலையில் நின்று வந்தவர்கள்தான். டோரத்தியே ஒரு காலத்தில் பதினான்கு மாதம் நின்றாராம்.

வசந்தாமணி நின்றார். பனிக்காலம் போனது, வசந்தம் போனது, அடுத்த ஆள் வரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறவில்லை. மற்ற நாட்களில் அவர் வெள்ளியங்கிரியின் மனைவி, ரோஷினியின் அம்மா. செவ்வாய்க்கிழமை மட்டும் வசன்ட்டா. இஸ்திரி போடும்போது துண்டுகளைச் சும்மா நீவிவிடுவதில்லை. இது கால் அங்குலம் கோணல், இது நூல் தளர்ந்திருக்கிறது என்று பிரித்து வைத்துவிடுவார். முதல் மாதம் முகம் சுளித்தவர்கள், ஆறாம் மாதம் தாங்களாகவே கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த ஆகஸ்டில்தான் டோரத்தி ஒரு விதியைத் தளர்த்தினார்.

ஒவ்வொரு வருஷத் திருவிழாவுக்கும் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு பெரிய க்வில்ட் தைப்பார்கள். அதை வைக்கோல் வண்டியில் விரித்து, டிராக்டர் பூட்டி, ஊர்வலமாக ஊரைச் சுற்றி வருவார்கள். மாலையில் குலுக்கல், சீட்டு விழுந்தவருக்குப் போர்வை. ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்தில் அவரவர் வீட்டு ஜன்னலில் தெரிகிற இலையுதிர்காலம். ஒருத்தி சோளக் குவியலைத் தைத்தாள், ஒருத்தி ஆப்பிள் கூடையை. “உன் ஜன்னல்ல என்ன தெரியுது?” என்று டோரத்தி கேட்டதும் வசந்தாமணி யோசிக்காமல் சொன்னார்: “மாடு. அதுக்குப் பின்னால பூசணிக்காய்.”

பூசணிக்கு அமெரிக்கக் கடை ஆரஞ்சு பிடிக்கவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்த நெகமம் புடவையின் முந்தியை வெட்டினார். பழுத்த பூசணியின் அதே நிறம். நடுவே மெல்லிய அரக்குக் கோடுகள், காயின் வரிகள்போல. அறை முழுக்க ஒரே கேள்வி: சாயம் போகுமா? மூன்று தடவை துவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்து, ஒரு பொட்டுச் சாயம்கூட ஒட்டவில்லை என்று காட்டிய பிறகுதான் டோரத்தி ஒத்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் இன்னும் பெரிய காரியம் கைக்கு வந்தது. போர்வையைச் சுற்றி ஓரப்பட்டி தைப்பது கடைசி வேலை. பத்துப் பேரின் ஒரு வருஷ உழைப்பும் அதில் அடங்கும். அதுவரை டோரத்தி மட்டுமே செய்துவந்தார். அந்த வருஷம் அவர் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை.

“நீ செய். சரியா வந்தா இனிமே ஊசிதான். கெட்டுப்போச்சுன்னா, உனக்கு மூலை தெரியும்,” என்று இஸ்திரி மேஜைப் பக்கம் தாடையை அசைத்தார்.

வசந்தாமணி இரண்டு வாரம் தைத்தார். வீட்டில் இரவுச் சாப்பாடு தோசையிலிருந்து ரொட்டிக்கும், ரொட்டியிலிருந்து கார்ன்ஃபிளேக்ஸுக்கும் இறங்கியது. “நான் ஒரு பட்டன் அந்துபோச்சுன்னு மூணு மாசமாச் சொல்லீட்டு இருக்கறேன்,” என்றார் வெள்ளியங்கிரி. “அந்தச் சட்டைய நீங்க குலுக்கல்ல வெப்பீங்களாட்ட,” என்று வசந்தாமணி நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார்.

திருவிழா சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை கடைசித் தையல் விழுந்தது. போர்வையைத் தரையில் விரித்து, திருப்பூர்க் கண்ணால் ஒரு தடவை ஓட்டினார். பென்சில் கோடு ஒன்று கண்ணில் பட்டது, அழித்தார். பிசிறு நூல் ஒன்று, வெட்டினார். கறை இல்லை. பழுது இல்லை. திருப்தியாகக் குளித்துவிட்டு வந்து, சமையலறை அலமாரியில் இருந்த சாமி படத்துக்கு விளக்கேற்றினார். போர்வையை மடித்து அதன் முன்னால் வைத்தார். புதுத் துணியைக் கட்டுவதற்கு முன் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்க வேண்டும். வசந்தாமணிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மஞ்சள் வைக்காத புதுத்துணி அவர் வீட்டில் யார் உடம்பிலும் ஏறியதில்லை. குழைத்த மஞ்சள் தயாராக இருந்தது. விரல் தானாகப் போனது. ஒரு மூலை போதும். ஆனால் இது ஒருவர் துணி இல்லையே, பத்துப் பேருடையது. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நாலு மூலையிலும் வைத்தார்.

கறையைக் கண்டுபிடிப்பதற்காகவே பழகிய கண் அதைப் பார்த்தது. அதற்கு அது கறையாகத் தெரியவில்லை. மங்களமாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. ஆப்பிள் டோனட் எண்ணெயில் மிதந்தது. ஹைஸ்கூல் பேண்டுக்காரர்கள் குளிரில் கைகளைத் தேய்த்தார்கள். பூசணி வேஷம் போட்ட குழந்தைகள் கதவில் நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வானம் மட்டும் சாம்பல்.

தீயணைப்புக் குழுத் தலைவர் வால்ட்தான் ஒவ்வொரு வருஷமும் க்வில்ட் வண்டியை இழுக்கும் டிராக்டரை ஓட்டுபவர். இருபது வருஷமாக அவருடைய உரிமை அது. அன்றைக்கென்று தனியாக ஒரு சிவப்புத் தொப்பி வைத்திருந்தார். ஒரு கையில் ஹாட்டாக் வைத்துக்கொண்டு, மறு கையால் போர்வையை வண்டிமேல் விரிக்க உதவினார். விரித்து முடித்ததும் டோரத்தி ஒரு மூலையைப் பார்த்தார். ஹாட்டாக்கைப் பார்த்தார்.

“வால்ட்டர்.”

முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று ஸ்கூல் பஸ்ஸில் போன எல்லோருக்கும் தெரியும். வால்ட்டும் அந்த பஸ்ஸில் போனவர்தான்.

ஹாட்டாக்கில் மஞ்சள் நிறக் கடுகுச் சாஸான மஸ்டர்ட் வழிந்துகொண்டிருந்தது. போர்வையிலும் அதே மஞ்சள். போன வருஷம் அவர் மேயரின் சட்டையிலும், அதற்கு முந்தின வருஷம் பேண்டு மாஸ்டரின் டிரம்மிலும் மஸ்டர்ட் விட்டதை ஊர் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை.

“நானாத்தான் இருக்கும்,” என்றார் பரிதாபமாக. “நான் வேணும்னு பண்ணல டோரத்தி.”

“நீ எதைத்தான் வேணும்னு பண்ணியிருக்கே. டிராக்டர் சாவியக் குடு.”

சாவியைக் கொடுத்தார். தொப்பியையும் கழற்றிக்கொண்டு, க்வில்ட்டிலிருந்து பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்ற உத்தரவின்படி பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

டோரத்தி ஒரு சலவை சோப்புக் கட்டியை நனைத்து அந்த மூலையில் தேய்த்தார். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. ஒன்பது பெண்களும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். மஸ்டர்ட் இப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் வால்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் ஹாட்டாக்கைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் வசந்தாமணி குடும்பத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். விஷயம் காதில் விழுந்தது. சிவந்த மூலை கண்ணில் பட்டது. பக்கத்தில் நின்ற கெமிஸ்டுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

“ஏம்புள்ள, மஞ்சள் வெச்சயா?”

“வெச்சனுங்க.”

“எத்தனை மூலையில?”

“நாலுலயுமுங்க.”

வெள்ளியங்கிரி சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்றாவது ஆள் டோனட் தின்றுகொண்டிருந்தாள். ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

“சத்தமே போடாத. அந்தாளே ஒத்துக்கிட்டாரு. வெயில் வந்தாப் போயிரப்போவுது.”

“வெயில் எங்கீங்க இருக்குது?”

“நீ இப்பப் போயி சொன்னீன்னா என்னாகும், தெரியுமல்லோ?”

தெரியும். இஸ்திரி மேஜை. ஒருவேளை அதுவும் இல்லாமல் போகலாம். செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் ஒரேயடியாகத் திங்கட்கிழமைபோல ஆகிவிடலாம். வசந்தாமணி பத்தடி தள்ளி நின்ற வால்ட்டைப் பார்த்தார். பெரிய மனிதர், தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, பாதி தின்ற ஹாட்டாக்கைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு திங்கறதையே உட்டுட்டாருங்க,” என்றார் வசந்தாமணி. “பாவமுங்க.” சொல்லிக்கொண்டே டோரத்தியிடம் நடந்தார்.

“அது மஸ்டர்ட் இல்ல. நான் வெச்சது.”

டோரத்தி சோப்பைக் கீழே வைத்தார். “வெச்சதுன்னா?”

“விரலால. மஞ்சள் தூள். புதுத் துணிக்கு எங்க வீட்ல வெப்போம். நல்லா இருக்கணும்னு.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான். நாலு மூலையிலயும்.”

கூட்டம் மற்ற மூன்று மூலைகளையும் புரட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு, ஒரே அளவு, ஓரத்திலிருந்து ஒரே தூரம். டோரத்தி நாலையும் சுற்றிவந்து பார்த்தார். பஸ் ஓட்டியவரின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்,” என்றார் கடைசியில். “வால்ட்டால இவ்வளவு ஒழுங்காச் சிந்த முடியாது.”

பத்தடி தூரத்திலிருந்து, “தேங்க் யூ,” என்று குரல் வந்தது.

“போகுமா இது?”

“சோப்புப் போட்டா செவக்கும். எலுமிச்சம்பழம் போட்டா திரும்ப மஞ்சளாகும். வெயில்ல வெச்சா போயிரும்,” என்றார் வசந்தாமணி. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். சாம்பல்.

மீன் வறுவல் கடையிலிருந்து எலுமிச்சைத் துண்டு வந்தது. வசந்தாமணி சிவந்த மூலையைத் தண்ணீரால் அலசி, எலுமிச்சையைப் பிழிந்தார். எல்லோர் கண் முன்னாலும் சிவப்பு, மஞ்சளுக்குத் திரும்பியது. பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். இதுவும் திருவிழாவில் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்த ஒரு பூசணிக் குழந்தை, “அகைன்,” என்றது. யாரோ ஒரு காகிதத் துவாலையை நீட்டினார்கள். அதில் மூலையிலிருந்து ஒத்தியெடுத்த மஞ்சள், சோப்பு, எலுமிச்சை என்று வெள்ளியங்கிரி செய்து காட்ட வேண்டியதாயிற்று. மருந்துக் கம்பெனியில் இத்தனை வருஷமாக அவர் செய்த எதற்கும் இப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை. மூன்றாவது தடவை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பட்டன் இல்லாததும் அப்போது மறைந்துவிட்டது.

டோரத்தி டிராக்டர் சாவியை வால்ட்டிடம் நீட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “தொப்பியப் போடு,” என்றார், அவ்வளவுதான். வசந்தாமணியைப் பார்த்து வாய் திறக்கவில்லை. வண்டியில் ஏறும்படி கையை மட்டும் காட்டினார்.

பதினோரு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. பேண்டுக்குப் பின்னால் டிராக்டர், அதன் பின்னால் வைக்கோல் வண்டியில் சாய்த்து விரித்த க்வில்ட், இரண்டு பக்கமும் ஐந்தைந்து பெண்களாகப் பத்துப் பேர். சர்ச் தாண்டியபோது மேகம் விலகியது. பூசணிக் காட்டுப் பக்கம் திரும்பியபோது அக்டோபர் வெயில் பளிச்சென்று வண்டிமேல் விழுந்தது. முன்னால் பார்த்து ஓட்ட வேண்டிய வால்ட், நிமிஷத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பி, “போயிருச்சா?” என்று கேட்டார்.

“ரோட்டப் பாரு வால்ட்டர்,” என்றார் டோரத்தி.

வால்ட் வழியை மாற்றினார். நேராகப் போனால் மரநிழல். சுற்றிப் போனால் திறந்த வயல். பேண்டு நேராகப் போனது, டிராக்டர் வயலைச் சுற்றியது. இரண்டும் மறுபடி சந்திக்க அரை மணி நேரம் ஆயிற்று. மாட்டுப் பண்ணை வழியாகப் போனபோது மற்ற ஒன்பது பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வசந்தாமணி தன் கட்டத்தில் இருந்த மாட்டையும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாட்டையும் ஒப்பிட்டு, கொம்பு கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று முடிவுக்கு வந்தார்.

மாலைக்குள் மூன்று மூலைகள் வெளுத்துவிட்டன. நாலாவது மூலை வைக்கோல் கட்டின் நிழலில் கிடந்ததால் லேசான மஞ்சள் தங்கிவிட்டது. குலுக்கலில் போர்வை ஒரு பல் டாக்டருக்குப் போயிற்று. டோரத்தி அவரிடம் அந்த மூலையைக் காட்டி, “இது அழுக்கு இல்ல, ஆசீர்வாதம். சோப்புப் போட்டீங்கன்னா போலீஸ் வரும்,” என்று சொல்லி அனுப்பினார்.

அதெல்லாம் கேட்டும் வசந்தாமணிக்கு நிம்மதி வரவில்லை. டோரத்தி தன்னிடம் நேராக எதுவும் சொல்லவில்லையே. செவ்வாய்க்கிழமை வரைக்கும் வீட்டில் அதே பேச்சு. “ஒரு வருஷம் நின்னயல்லோ, இன்னும் ஒரு வருஷம் நின்னா என்ன?” என்றார் வெள்ளியங்கிரி. அவர் சட்டையில் இப்போது எல்லாப் பட்டனும் இருந்தது. கவலை வந்தால் வசந்தாமணி எதையாவது தைப்பார்.

செவ்வாய்க்கிழமை பின்னறைக்குள் நுழைந்தவர் யாரையும் பார்க்காமல் நேராக மூலைக்குப் போனார். மூலையில் இடம் இல்லை. இஸ்திரி மேஜைக்குப் பின்னால், ஏப்ரன் கட்டிக்கொண்டு, முக்கால்வாசிச் சுவரை மறைத்து நின்றுகொண்டிருந்தார் வால்ட்.

“இருபது வருஷமா இதை இழுத்துட்டுப் போறேன். உள்ள என்ன நடக்குதுன்னு இப்பத்தான் பாக்கணும்னு தோணிச்சு,” என்றார்.

“வாசல்லயே ரெண்டு கையையும் பாத்துட்டுத்தான் உள்ள விட்டேன்,” என்றார் டோரத்தி. சொல்லிக்கொண்டே நாற்காலி ஒன்றைப் பின்னால் இழுத்தார். அதன் முன்னால் மேஜையில் ஊசி, நூல், விரல் உறை. “விதி விதிதான். கடைசியாச் சேந்தவருக்கு இஸ்திரி. நீ உக்காரு வசன்ட்டா. அடுத்த வருஷம் அந்தப் பொட்டு வெக்கணும்னா பின்பக்கம் வை.”

வசந்தாமணி உட்கார்ந்தார். நூல் கோக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வால்ட் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துண்டுகளில் மேலே இருந்ததை எடுத்து விரித்தார். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார்.

“வால்ட்,” என்றார், “இந்த மூலை சரியில்ல.”

வால்ட் வந்து வாங்கிக்கொண்டு போனார்.